விரலில் 98 காட்டும், ரத்தம் அமிலமாகிக்கொண்டிருக்கும்: உஷார்!

பொம்மையார்பாளையத்திலிருந்து மரக்காணம் வரை கடலோரக் குப்பங்களிலும் உப்பளத் தெருக்களிலும் இருப்பவர்கள் இதைக் கடைசிவரை படித்துவிடுங்கள். படிக்கத் தெரியாதவர்கள் வீட்டில் இருந்தால் வாசித்துக் காட்டுங்கள்.

நேற்று ராத்திரி எங்கேயோ பாக்கெட் சாராயம் குடித்த மனிதர் இன்று காலை வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். வாந்தி. தலைவலி. கண் மங்கலாகத் தெரிகிறது என்கிறார். மூச்சு மட்டும் ஓடி வந்தவரைப் போல வாங்குகிறது. பக்கத்தில் யாரோ விரலில் கிளிப் கருவியை மாட்டிப் பார்க்கிறார்கள்: ஆக்ஸிஜன் 98. பி.பி. சரியாக இருக்கிறது. சர்க்கரையும் சரியாக இருக்கிறது. ‘எல்லாம் நார்மல்தான், போதை தெளிஞ்சா சரியாயிடும், தூங்கட்டும் விடு’ என்கிறார்கள். இந்தப் பேச்சை நம்பினால் அந்த மனிதர் சாயங்காலத்துக்குள் போய்விடலாம். அவர் ரத்தம் அமிலமாக மாறிக்கொண்டிருக்கிறது. அதை அந்தக் கிளிப்பும் காட்டாது, பி.பி. கருவியும் காட்டாது. காட்டுவது ஒரு சின்ன ரத்தப் பரிசோதனை. ஆஸ்பத்திரிகளில் அதை ஏபிஜி என்பார்கள். தமனி ரத்த வாயுப் பரிசோதனை என்று அர்த்தம்.

2023 மே 13, சனிக்கிழமை. மரக்காணம் பக்கத்தில் எக்கியார்குப்பம் மீனவக் கிராமத்தில் சாராயம் வாங்கிக் குடித்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக வாந்தியும் மயக்கமுமாக விழுந்தார்கள். மறுநாளே சாவுகள் தொடங்கிவிட்டன. அதே நாட்களில் செங்கல்பட்டு மாவட்டத்தில் மதுராந்தகம், சித்தாமூர் பக்கமும் இதே கதை. இரண்டு மாவட்டங்களிலும் சேர்த்து இருபது பேருக்கு மேல் இறந்தார்கள். முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, காலாப்பட்டு பிம்ஸ், கோரிமேடு ஜிப்மர் என்று ஆட்களைக் கொண்டு ஓடினார்கள். குடித்தது ஊரில் காய்ச்சிய சாராயமே இல்லை, தொழிற்சாலைகளில் பயன்படுத்தும் மெத்தனால் என்று அப்போதைய டி.ஜி.பி. சைலேந்திர பாபு அறிவித்தார். ஒரு வருஷம்தான் ஆயிற்று. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் அதே மெத்தனால் 60-க்கும் மேற்பட்டவர்களை வாரிக்கொண்டு போனது. பெண்களும் அதில் இருந்தார்கள். அங்கே முதல் சாவுகள் கள்ளச்சாராயத்தால் நடந்தவை இல்லை என்று மாவட்ட நிர்வாகமே முதலில் சொன்னது. அந்த ஒரு வார்த்தை எத்தனை பேரை வீட்டிலேயே படுக்க வைத்திருக்கும் என்று நினைத்தால் வயிறு எரிகிறது.

எக்கியார்குப்பத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாக ஜிப்மருக்கு விரையும் ஆம்புலன்ஸ் பொம்மையார்பாளையத்தைத் தாண்டித்தான் போகவேண்டும். அந்தச் சைரன் சத்தம் இந்த ஊருக்கு வேண்டிய பாடத்தைச் சொல்லியிருக்கவேண்டும். ஆனால் பாடம் எதுவென்றே பலருக்கு இன்னும் தெரியவில்லை. சாராயம் விற்றவனைப் பிடித்தது தெரிகிறது, எத்தனை லட்சம் நிவாரணம் என்பது தெரிகிறது. ஆள் எதனால் செத்தான் என்று கேட்டால் ‘விஷச் சாராயம்’ என்பதோடு பேச்சு நின்றுவிடுகிறது.

எதனால் என்று சொல்கிறேன். மெத்தனால் பார்க்கத் தண்ணீர் மாதிரி இருக்கும், வாசனையும் சாராயத்துக்குக் கிட்டத்தட்ட ஒத்துப்போகும். கொளுத்திப் பார்த்து நீலமாக எரிந்தால் நல்ல சரக்கு என்று சிலர் சோதிப்பது சுத்த முட்டாள்தனம், இரண்டுமே நீலமாகத்தான் எரியும். உள்ளே போன மெத்தனால் தானாகப் பெரிதாக எதுவும் செய்வதில்லை, கொஞ்சம் போதை தரும், அவ்வளவுதான். நம் ஈரல்தான் அதை விஷமாக்குகிறது. சாதாரண சாராயத்தை உடைக்கும் அதே நொதி மெத்தனாலை ஃபார்மால்டிஹைடாக உடைக்கிறது. அடுத்த நொதி அதை ஃபார்மிக் அமிலமாக்குகிறது. இந்த அமிலம் உடம்பிலிருந்து லேசில் வெளியேறாது. கண் நரம்பைத் தாக்கும், மூளையின் உட்பகுதியைத் தாக்கும். செல்கள் ஆக்ஸிஜனைப் பயன்படுத்தும் இடத்தையே அடைத்துவிடும். அதனால் லாக்டிக் அமிலமும் சேர்ந்து ஏறும். சுத்த மெத்தனால் 30 மில்லி உள்ளே போனாலே ஒரு ஆளைக் கொல்லக்கூடும்.

இதெல்லாம் நடக்க நேரமாகும் என்பதுதான் பெரிய ஆபத்து. குடித்த உடனே ஒன்றும் தெரியாது. பெரும்பாலும் 12 மணி முதல் 24 மணி நேரம் ஆள் சாதாரணமாகவே நடமாடுவார். கூடவே டாஸ்மாக் சரக்கையும் குடித்தவருக்கு இன்னும் தள்ளிப்போகும். ஈரல் முதலில் அதைத்தான் உடைக்கும், மெத்தனால் வரிசையில் காத்திருக்கும். ‘எனக்கு ஒண்ணும் ஆகலயே, நல்லாத்தான இருக்கேன்’ என்று ஒருவர் சொல்வதற்கு முதல் நாளில் எந்த மதிப்பும் கிடையாது. இன்னொன்றும் இங்கேயே சொல்லிவிடவேண்டும். அந்த முதல் மணி நேரங்களில் ரத்த வாயுப் பரிசோதனை செய்தாலும் எண்கள் சரியாகவே வரும். மெத்தனால் இன்னும் அமிலமாகவில்லை, அவ்வளவுதான். முதல் சீட்டு நன்றாக இருக்கிறது என்று வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிடாதீர்கள். சில மணி நேரம் கழித்து மறுபடி எடுக்கச் சொல்லுங்கள்.

இந்தப் பரிசோதனை எப்படி நடக்கும் என்று தெரிந்திருந்தால் பயம் இருக்காது. வழக்கமாக ரத்தம் எடுப்பது சிரையிலிருந்து. இதற்கு எடுப்பது தமனியிலிருந்து, பெரும்பாலும் மணிக்கட்டில், கட்டைவிரல் பக்கம் நாடி துடிக்கும் இடத்தில். உள்ளங்கையை மேலே பார்க்கத் திருப்பி, மணிக்கட்டுக்கு அடியில் சுருட்டிய துணி வைப்பார்கள். பலர் முதலில் இரண்டு பக்கத் தமனிகளையும் அழுத்திப் பிடித்து, உள்ளங்கை வெளுத்ததும் சுண்டுவிரல் பக்கத்தை மட்டும் விடுவார்கள். கை மறுபடி சிவந்தால் அந்தப் பக்க ரத்த ஓட்டம் போதுமானது என்று தெரிந்துகொள்வார்கள். பிறகு இரண்டு விரலால் நாடியைத் தொட்டுக்கொண்டே ஊசியைச் சாய்வாக இறக்குவார்கள். சுருக்கென்று வலிக்கும். தமனியைத் தொட்டதும் ரத்தம் தன் அழுத்தத்திலேயே பளிச்சென்ற சிவப்பில் சிரிஞ்சுக்குள் துடித்துத் துடித்து ஏறும். உறையாமல் இருக்க அந்தச் சிரிஞ்சுக்குள் முன்பே ஹெப்பாரின் இருக்கும். காற்றுக் குமிழ் இருந்தால் தட்டி வெளியேற்றி மூடிவிட்டு உடனே கருவிக்குக் கொண்டு ஓடவேண்டும். தாமதமானால் ஐஸில் வைப்பார்கள். குத்திய இடத்தைக் குறைந்தது ஐந்து நிமிஷம் அழுத்திப் பிடித்திருக்கவேண்டும். கூட வந்தவர்கள் இந்த வேலையை அலட்சியமாகச் செய்வதைப் பல வார்டுகளில் பார்க்கலாம். கையை விட்டுவிட்டு போன் பேசப் போய்விட்டால் மணிக்கட்டு வீங்கிவிடும். தமனி கிடைக்கவே இல்லை என்றால் சிரை ரத்தத்திலும் அமில அளவைப் பார்க்கலாம், வித்தியாசம் கொஞ்சம்தான். ‘தமனி கிடைக்கல’ என்பதற்காகப் பரிசோதனையே செய்யாமல் விடக்கூடாது.

சில நிமிஷத்தில் கருவி கடை பில் மாதிரி ஒரு நீளச் சீட்டைத் துப்பும். அதில் முக்கியமாக நாலு எண்கள். ரத்தத்தின் அமில அளவைக் காட்டும் பிஎச் 7.35 முதல் 7.45 வரை இருந்தால் சரி. கார்பன் டை ஆக்ஸைடின் அழுத்தம் 35 முதல் 45. பைகார்பனேட் 22 முதல் 26. ஆக்ஸிஜன் அழுத்தம், சாதாரணக் காற்றைச் சுவாசிக்கும் பெரியவருக்கு, 80 முதல் 100. லாக்டேட் என்ற ஐந்தாவது எண்ணும் இருந்தால் 2-க்குக் கீழே இருக்கவேண்டும்.

பிஎச் எண்ணைப் பார்த்து ஏமாறுவது சுலபம். 7.4 எங்கே, 7.1 எங்கே, வெறும் புள்ளி மூன்றுதானே குறைவு என்று தோன்றும். இந்த அளவுகோல் அப்படி வேலை செய்வதில்லை. 7.4-இல் ஒரு லிட்டர் ரத்தத்தில் ஹைட்ரஜன் அயனி 40 நானோமோல் இருக்கிறது. 7.1-இல் அது 80. 6.8-இல் 160. புள்ளி மூன்று இறங்கும்போதெல்லாம் அமிலம் இரட்டிப்பாகிறது. 7.0-க்குக் கீழே போன மெத்தனால் நோயாளியைக் காப்பாற்றுவது மிகவும் கஷ்டம்.

இப்போது இந்தக் கட்டுரையை எழுத வைத்த விஷயத்துக்கு வருகிறேன். பைகார்பனேட்தான் அமிலத்தை முறிக்கும் கையிருப்பு. அமிலம் ஏற ஏற அது கரையும். அது கரையும்போது உடம்பு சும்மா இருக்காது. நுரையீரல் வேகமாகவும் ஆழமாகவும் மூச்சு விட்டு, கார்பன் டை ஆக்ஸைடை வெளியே தள்ளி, பிஎச் விழாமல் தாங்கிப் பிடிக்கும். நோயாளி நாய் போல இரைப்பது அதனால்தான். ஓட்டை விழுந்த படகில் ஒருவன் விடாமல் தண்ணீர் இறைத்துக்கொட்டுவது போன்றது அந்த மூச்சு. அதனால் இப்படிப்பட்ட நோயாளியின் சீட்டில் கார்பன் டை ஆக்ஸைடு குறைந்துதான் இருக்கவேண்டும். எவ்வளவு குறையவேண்டும் என்பதற்கு டாக்டர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். பைகார்பனேட்டை ஒன்றரையால் பெருக்கி, எட்டைக் கூட்டவேண்டும். இரண்டு கூடக் குறைய இருக்கலாம்.

கணக்குப் போட்டே பார்ப்போம். பைகார்பனேட் 6 என்று வந்திருக்கிறது. ஒன்றரையால் பெருக்கினால் 9, எட்டைக் கூட்டினால் 17. கார்பன் டை ஆக்ஸைடு 17 பக்கத்தில் இருந்தால் நுரையீரல் தன் வேலையைச் சரியாகச் செய்கிறது, பிஎச் 7.17 வாக்கில் நிற்கும். மோசம்தான், ஆனால் கையில் இன்னும் நேரம் இருக்கிறது. அதே பைகார்பனேட் 6 உள்ள இன்னொருவருக்குக் கார்பன் டை ஆக்ஸைடு 40 வருகிறது. சீட்டில் அந்த எண்ணுக்கு நட்சத்திரக் குறி எதுவும் இருக்காது, 35-க்கும் 45-க்கும் நடுவில் அழகாக உட்கார்ந்திருக்கும். அவருடைய பிஎச் 6.8-க்கு இறங்கியிருக்கும். இறைத்துக்கொண்டிருந்தவன் களைத்துக் கையை விட்டுவிட்டான் என்று அர்த்தம். இரைப்பு அடங்கியதைப் பார்த்து ‘இப்ப பரவால்ல, அமைதியாத் தூங்குறாரு’ என்று வீட்டார் நிம்மதி அடையும் நேரமும் பெரும்பாலும் அதுதான்.

இது ஏட்டுக் கணக்கு என்று நினைக்கவேண்டாம். எஸ்டோனியா நாட்டின் பார்னு நகரத்தில் 2001 செப்டம்பரில் மெத்தனால் கலந்த கள்ளச் சரக்கால் 68 பேர் இறந்தார்கள். பிழைத்தவர்களின் சீட்டுகளையும் இறந்தவர்களின் சீட்டுகளையும் டாக்டர்கள் ஒப்பிட்டார்கள். பிஎச் மிகவும் குறைந்தவர்கள், சுயநினைவு இழந்தவர்கள், அமிலம் ஏறியும் மூச்சால் கார்பன் டை ஆக்ஸைடைக் குறைக்க முடியாமல் போனவர்கள் ஆகியோரே அதிகம் இறந்திருந்தார்கள்.

ஒரு எண்ணைத் தனியாகப் பார்த்து ஏமாறுவது பெரிய ஆஸ்பத்திரிகளிலும் நடந்திருக்கிறது. இந்தப் பரிசோதனை வளர்ந்த கதையே அதுதான். 1952-இல் டென்மார்க்கின் கோபன்ஹேகனில் போலியோ கொள்ளை நோயாகப் பரவியது. மூச்சுத் தசை செயலிழந்த நோயாளிகளின் ரத்தத்தில் பைகார்பனேட் ஏறி இருந்தது. காரம் அதிகமாகிவிட்டது, காரணம் புரியவில்லை என்றே டாக்டர்கள் நினைத்தார்கள். மயக்க மருந்து நிபுணர் பியோர்ன் இப்சென் மட்டும், அது காரம் இல்லை, மூச்சு போதாமல் கார்பன் டை ஆக்ஸைடு தேங்கிவிட்டது என்றார். பிஎச்சை அளந்து பார்த்தபோது அவர் சொன்னது சரியாக இருந்தது. தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைத்து, பையைக் கையால் அமுக்கிக் காற்று செலுத்தினார்கள். மருத்துவ மாணவர்கள் நூற்றுக்கணக்கில் முறை போட்டு இரவும் பகலும் அமுக்கினார்கள். சாவு எண்ணிக்கை பாதிக்கும் கீழே வந்தது. அங்கே ஆய்வுக்கூடப் பொறுப்பில் இருந்த போல் ஆஸ்ட்ரப் ரத்த வாயுவை அளக்கும் முறையை உருவாக்கியது அந்தக் கொள்ளை நோயின் தொடர்ச்சியாகத்தான்.

சரி, இது மெத்தனால்தான் என்று எப்படிச் சந்தேகிப்பது? மெத்தனாலையே ரத்தத்தில் அளக்கும் வசதி எல்லா ஊரிலும் கிடையாது, ரிப்போர்ட் வரக் காத்திருக்கவும் முடியாது. இதற்கும் ஒரு கூட்டல் கழித்தல் உண்டு. சோடியம் எண்ணிலிருந்து குளோரைடையும் பைகார்பனேட்டையும் கழித்தால் வருவது அயனி இடைவெளி. சாதாரணமாக 8 முதல் 12 வரை. சோடியம் 140, குளோரைடு 102, பைகார்பனேட் 6 என்றால் இடைவெளி 32. ரத்தத்தில் கணக்கில் வராத அமிலம் ஏதோ நிறைய இருக்கிறது என்று அது காட்டிக்கொடுக்கிறது. சர்க்கரை முற்றிய கீட்டோன் நிலை, சிறுநீரகச் செயலிழப்பு, கடும் தொற்று ஆகியவற்றிலும் இப்படி ஏறும். அவை இல்லை, ஆள் சாராயம் குடித்தார், கண் மங்குகிறது என்றால், ரிப்போர்ட்டுக்குக் காத்திராமல் வைத்தியத்தைத் தொடங்கிவிடலாம். ஆனால் அதற்கு முதலில் குடித்தார் என்ற உண்மையை யாராவது சொல்லவேண்டுமே! மானம் போய்விடும், போலீஸ் வந்துவிடும் என்று ‘சாப்பாடு சேரல டாக்டர்’ என்று சொல்லிக் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டு திரும்புகிறார்கள். அங்கேதான் உயிர் போகிறது.

விரலில் மாட்டும் கிளிப் பற்றி இன்னும் இரண்டு வார்த்தை. கொரோனாக் காலத்தில் வீடுவீடாக வாங்கிவைத்தோம், நல்லதுதான். ரத்தத்தில் ஆக்ஸிஜன் எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதை மட்டும்தான் அது சொல்லும். மெத்தனால் விஷத்தில் ரத்தம் ஆக்ஸிஜனைச் சுமந்துகொண்டுதான் போகிறது, செல்கள்தான் அதை வாங்கிக்கொள்ள முடியாமல் தவிக்கின்றன. அமிலத்தையும் கார்பன் டை ஆக்ஸைடையும் அந்தக் கிளிப் அறவே அறியாது. நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தால் வைத்தியம் உண்டு, நல்ல வைத்தியம். ஈரலின் நொதியைத் தடுக்க ஃபோமிபிசோல் என்ற ஊசி இருக்கிறது. அது இல்லாத இடத்தில் எத்தனாலை அளந்து கொடுப்பார்கள். சோடா பைகார்பனேட்டை ரத்தத்தில் ஏற்றினால் ஃபார்மிக் அமிலம் கண்ணுக்கும் மூளைக்கும் நுழைவது குறையும். ஃபோலினிக் அமிலம் அதை உடைக்க உதவும். டயாலிசிஸ் மெத்தனால், ஃபார்மிக் அமிலம் இரண்டையும் வடிகட்டி எடுத்துவிடும்.

இதைப் படித்துவிட்டு, சாராயத்துக்குச் சாராயமே மருந்தாம் என்று வீட்டில் ஒரு குவார்ட்டரை ஊற்றிக்கொடுத்துவிடாதீர்கள்! ஆஸ்பத்திரியில் அதை உடல் எடைக்கு ஏற்பக் கணக்கிட்டு, மணிக்கு மணி அளந்து கொடுக்கிறார்கள். வாந்தி எடுத்துக்கொண்டிருப்பவர் வாயில் ஊற்றினால் நுரையீரலுக்குள் போய் அதுவே கொல்லும். மோர், எலுமிச்சைச் சாறு, உப்புத் தண்ணீர், விரலை விட்டு வாந்தி எடுக்க வைப்பது, சமையல் சோடா உப்பைக் கரைத்துக் கொடுப்பது, எதுவும் வேண்டாம். குடித்துவிட்டு ஆர்ப்பாட்டம் செய்கிறார் என்று பக்கத்து கிளினிக்கில் தூக்க ஊசி போடச் சொல்வதும் கூடாது. அந்த இரைப்புதான் அவரைப் பிடித்து வைத்திருக்கிறது, ஊசி அதை நிறுத்திவிடும். இதே காரணத்துக்காக, இப்படிப்பட்டவருக்கு மூச்சுக்குழாய் போட்டு வெண்டிலேட்டரில் வைக்கும்போது நிமிஷத்துக்குப் பன்னிரண்டு மூச்சு என்று வழக்கம்போல வைத்துவிடக்கூடாது. இந்தக் கடலோரத்து சின்ன ஆஸ்பத்திரிகளில் ராத்திரி டியூட்டி பார்க்கும் இளம் டாக்டர்களும் நர்ஸ்களும் இதை மனத்தில் வைக்கவேண்டும். அப்படி வைத்தால் கார்பன் டை ஆக்ஸைடு 40-க்கு வந்து அழகாக நிற்கும், இதயம் நின்றுவிடும்.

சாராயம் தொடாதவர்களும் இந்த இரைப்பைத் தெரிந்துவைத்திருக்கவேண்டும். இன்சுலினை நிறுத்திவிட்ட சர்க்கரை நோயாளி வாந்தியும் வயிற்று வலியுமாக ஆழமாக மூச்சு வாங்கினால், அவருக்கும் ரத்தம் அமிலமாகிக்கொண்டிருக்கலாம். வாயில் பழ வாசனை வரும். ‘கேஸ் டிரபுள்’ என்று மாத்திரை வாங்கிக் கொடுத்துப் படுக்க வைக்காதீர்கள்.

பொம்மையார்பாளையத்துக்கு ஒரு வசதி இருக்கிறது. வடக்கே போனால் காலாப்பட்டு, தெற்கே திரும்பினால் கோரிமேடு ஜிப்மர், இரண்டுமே பக்கம். எல்லைக்கோடு குறுக்கே போகிறது, நாம் விழுப்புரம் மாவட்டம், அவர்கள் புதுச்சேரி, சேர்த்துக்கொள்வார்களா என்று யோசித்து நிற்காதீர்கள். 108-ஐ அழையுங்கள். மரக்காணம் பக்கத்துக் கிராமங்களுக்கு இந்த வசதி இல்லை. அங்கிருந்து டயாலிசிஸ் வசதி உள்ள இடத்துக்கு வரவே நேரம் கரையும். இத்தனை உயிர் போன பிறகாவது, இரவும் பகலும் ஓடும் ஒரு ரத்த வாயுக் கருவியும், தேவையான அளவு ஃபோமிபிசோலும் மரக்காணத்திலேயே இருக்கவேண்டும் என்று ஊர்ப் பஞ்சாயத்துகள் கிராமசபையில் தீர்மானம் போட்டுக் கேட்கவேண்டும். கருவிக்குப் போடும் ரசாயனம் தீர்ந்துவிட்டது என்று அது மூலையில் துணி போர்த்திக் கிடந்தால் அதையும் கேட்கவேண்டும்.

கேஷுவாலிட்டியில் போய் நின்றதும் சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள்: என்ன குடித்தார், எத்தனை மணிக்கு, எங்கே வாங்கினார், கூட வேறு என்ன குடித்தார், கண் எப்போது மங்கியது. மிச்சமிருக்கும் பாக்கெட்டையோ பாட்டிலையோ கையோடு கொண்டுபோங்கள். ‘ஏபிஜி எடுத்தீங்களா’ என்று மரியாதையாக, ஆனால் விடாமல் கேளுங்கள். சீட்டை வாங்கிப் பார்த்து, பைகார்பனேட்டையும் கார்பன் டை ஆக்ஸைடையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆள் பிழைத்து வந்தாலும் கண் டாக்டரிடம் காட்டாமல் விடாதீர்கள்.

இன்னொரு வேலை அதே ராத்திரியில் நடக்கவேண்டும். அவரோடு உட்கார்ந்து குடித்தவர்கள் யார் யார், அதே ஆளிடம் அன்றைக்கு வாங்கியவர்கள் யார் யார் என்று விசாரித்து, ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டுங்கள். அவர்கள் திண்ணையில் உட்கார்ந்து வலை பின்னிக்கொண்டிருப்பார்கள், பீடி பிடித்துக்கொண்டிருப்பார்கள், ‘எனக்கென்ன, கல்லாட்டம் இருக்கேன்’ என்பார்கள். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்றும் சொல்வார்கள். அவர்களையும் வண்டியில் ஏற்றுங்கள்.